ஊசி போட்ட குட்டிகள்

மேலகரத்தில் சங்கரபாண்டியின் ஆட்டோவில் ஏறுகிறவர்கள் சீட்டைக் கையால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். குற்றாலத்தில் சீசன் நேரம் என்றால் அருவியில் குளித்தவர்கள் எண்ணெயும் ஈரமுமாக ஏறி இறங்கியிருப்பார்கள். மற்ற நாட்களில் நாய் மயிர் ஒட்டிக் கிடக்கும். "என்ன அண்ணாச்சி, இதுக்கு முந்தி ஏறுனது மனுசனா நாயா?" என்று சிலர் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே தோள் துண்டால் சீட்டைத் தட்டிவிடுவார்.

வயது ஐம்பதை நெருங்குகிறது. ஒல்லியான ஆள். காக்கிச் சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பொறை ரொட்டி இருக்கும். அது தெருநாய்களுக்கு. தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக் குற்றாலத்தில் இறக்குவது, அங்கே ஏற்றி இங்கே இறக்குவது, இதுதான் அவருடைய பிழைப்பு. மனைவி மாரிச்செல்வி வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறாள். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

அவர்கள் இருக்கும் தெரு ஒரு முட்டுத்தெரு. உள்ளே வந்த வண்டி அப்படியே பின்னால்தான் போகவேண்டும். தெரு முனையில் அய்யாத்துரையின் டீக்கடை, நடுவில் ஷெர்லின் டீச்சரின் காம்பவுண்டு வீடு, கடைசியில் ஹைருன் பீவியின் ஓட்டு வீடு. நாய்கள் எல்லார் வீட்டு வாசலிலும் படுத்திருக்கும். எந்த நாயும் யாருடையதும் இல்லை, எல்லாருடையதும்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை, சாரல் விழுகிற மாதத்தில், ஒரு விலங்கு நல அமைப்பு தென்காசியில் இலவச ஊசி முகாம் நடத்தும். அன்று சங்கரபாண்டி சவாரி ஏற்றமாட்டார். தெருவில் உள்ள நாய்களைப் பொறை காட்டிக் கூப்பிட்டு, கழுத்தில் சணல் கயிறு கட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவார். ஒரு நடையில் முடியாது. போய் வந்து, போய் வந்து, மத்தியானம் ஆகிவிடும். சில நாய் வழியில் குதிக்கப் பார்க்கும். சில நாய் சீட்டுக்கு அடியில் பதுங்கி நடுங்கும். ஒருமுறை ஹைருன் பீவியின் பூனை, காய்கறிக் கூடையில் துப்பட்டா கட்டி மூடி வைத்திருந்தது, சிற்றாற்றுப் பாலத்தில் கூடையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து அவர் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அப்படியே முகாம் வரை ஓட்டிப் போனார்.

"ஊர்ல உள்ள நாய்க்கெல்லாம் நீங்கதான் தாய்மாமனா?" என்று மாரிச்செல்வி கேட்பாள். கேட்டாலும், அன்று காலையில் பழைய சேலையைக் கிழித்து அவர் கையில் சுற்றிக்கொள்ளத் துணி எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். அவளுக்குக் காரணம் தெரியும்.

சங்கரபாண்டி பிறந்தது சுந்தரபாண்டியபுரத்தில். அப்பா வயல் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டவர். சங்கரபாண்டிக்கு ஒரு தம்பி இருந்தான், சுடலைமுத்து. பம்ப்செட் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாய்க்குட்டியோடு விளையாடும்போது அது அவன் விரலைக் கடித்துவிட்டது. ரத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். "குட்டிதானல, பல்லே மொளைக்கல, அது கடிச்சா என்ன" என்றார் அப்பா. பெரிய நாய் கடித்திருந்தால் ஒருவேளை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்த நேரத்தில் சுடலைமுத்துவுக்குக் காய்ச்சல் வந்தது. கடித்த விரல் அரிக்கிறது என்று சொறிந்துகொண்டே இருந்தான். பிறகு தண்ணீரைக் கண்டால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினான். விசிறிக் காற்று பட்டால்கூட உடம்பு வெட்டியது. பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவனைத் தனியாக அடைத்துவைத்திருந்த அறையின் கதவு ஓட்டை வழியாகத் தம்பியைப் பார்த்ததை மாரிச்செல்வியிடம் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை. அவளிடமும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

அதனால் குட்டிகள் விஷயத்தில் அவர் ரொம்பக் கறாராக இருப்பார். வளர்ந்த நாய்க்கு ஊசி விட்டுப்போனாலும் போகட்டும், பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவது குட்டிகளைத்தான் என்பார். முகாமில் எந்த வயதுக் குட்டிக்குப் போடலாம் என்று கேட்டுவைத்துக்கொண்டு, அந்த வயது ஆகிவிட்ட ஒரு குட்டியையும் விடமாட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தெருவில் நாலு குட்டிகள் இருந்தன. டீக்கடைக்குப் பின்னால் செவலை நாய் ஒன்று ஈன்ற மூன்று. இன்னொன்று ஷெர்லின் வீட்டில் வளர்ந்த வெள்ளைக் குட்டி, பெயர் மில்கி.

ஷெர்லின் நர்சரிப் பள்ளியில் டீச்சர். கணவன் கிங்ஸ்லி குவைத்தில் வேலை பார்க்கிறான். மகள் ஜெனி மூன்றாம் வகுப்பு. அப்பா இல்லாத வீட்டில் பிள்ளை பேசாமலே இருக்கிறாள் என்று ஷெர்லின்தான் அந்தக் குட்டியை யாரிடமோ கேட்டு வாங்கி வந்தாள். அது வந்தபிறகு ஜெனியின் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. மில்கி சாப்பிட்டதா, மில்கி தும்மியதா, மில்கி கொய்யா மரத்து அணிலைப் பார்த்துக் குரைத்ததா எல்லாம் தெருவுக்கே தெரியும்.

"தங்கச்சி, முகாமுக்கு மில்கிய அனுப்பு" என்று சங்கரபாண்டி கேட்டபோது ஷெர்லின் கொஞ்சம் தயங்கினாள்.

"இவ்ளோ சின்னதா இருக்கே அண்ணாச்சி. தாங்குமா?"

"தாங்கும்மா. மூணு மாசம் ஆயிட்டுல்லா. நான் மடியில வச்சுக் கொண்டுபோயி மடியில வச்சுக் கொண்டாறேன்."

அப்படியே செய்தார். செவலையின் மூன்று குட்டிகளையும் ஒரு பழக்கூடையில் வைத்து, மில்கியை மடியில் வைத்து ஓட்டிப் போனார். முகாமில் கல்யாண மண்டபத்து மைதானம் முழுக்க நாய்கள். குரைப்புச் சத்தத்தில் மைக்கில் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பர்சானா என்ற டாக்டரம்மா ஊசி போட்டார். தென்காசியில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருப்பவர், முகாமுக்காக வந்திருந்தார். மில்கி ஊசிக்குக் கத்தவே இல்லை. டாக்டரம்மாவின் கையை நக்கியது. சங்கரபாண்டி அதை வீட்டுக்கு வந்து ஜெனியிடம் சொன்னார். அவள் பெருமையாக எல்லாரிடமும் சொன்னாள்.

அந்த வாரமே செவலையின் குட்டிகளில் ஒன்று டீக்கடைக்குப் பின்னால் சுருண்டு படுத்துக்கொண்டது. பால் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. மறுநாள் மஞ்சளாக நுரை நுரையாக வாந்தி எடுத்தது. அதற்கடுத்து மற்ற இரண்டும். ரத்தமும் தண்ணீருமாகக் கழிந்தன. அந்த நாற்றம் டீக்கடைக்குள் வந்தது. அய்யாத்துரை பினாயில் ஊற்றிக் கழுவினார். சங்கரபாண்டி சவாரி முடித்து வருவதற்குள் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது. செவலை அதை நக்கிக்கொண்டே இருந்தது.

அவர் அதை எடுத்துப் புதைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஷெர்லின் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். கையில் ஒரு துண்டு. துண்டுக்குள் மில்கி.

"அண்ணாச்சி, காலைல இருந்து ஒண்ணும் திங்கல. இப்ப வாந்தி எடுக்குது. ஆட்டோ எடுங்க."

மற்ற இரண்டு குட்டிகளையும் அதே பழக்கூடையில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவர் வண்டியை எடுத்தார். நேராக பர்சானா டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டரம்மா மில்கியின் காதைத் தொட்டுப் பார்த்தார், ஈறைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெளுத்திருந்தது.

"தடுப்பூசி போட்டிருக்கா?"

சங்கரபாண்டி முந்திக்கொண்டு சொன்னார். "போட்டாச்சு டாக்டரம்மா. நாந்தான் கொண்டாந்தேன். நீங்கதான் உங்க கையால போட்டிய."

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அண்ணே, அது வெறிநோய்க்கு. அது மட்டும்தான் முகாம்ல போட்டோம். நான் கேக்கறது வேற ஊசி. பிறந்து ஒன்றரை மாசம், ரெண்டு மாசம் ஆகும்போது போடறது. பார்வோ, டிஸ்டம்பர் எல்லாத்துக்கும் சேத்து. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு திரும்பவும் போடணும். அது போட்டீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார் சங்கரபாண்டி.

ஷெர்லின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பார்வோ மாதிரி இருக்கு. டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன். ஆனா பாத்தாலே தெரியுது."

"அந்த ஊசிய இப்ப போடுங்க டாக்டரம்மா. நாலு போடணும்னாலும் போடுங்க."

"இப்ப போட்டுப் பிரயோசனம் இல்லண்ணே. நோய் வர்றதுக்கு முந்தி போடணும். உடம்பு தயாராக நாள் வேணும். வந்தபிறகு சலைன் ஏத்தலாம், வாந்தியை நிறுத்தப் பாக்கலாம். அதுக்கு மேல குட்டியோட தெம்புதான்."

இத்தனை வருஷமாகச் சங்கரபாண்டி நாய்க்கு ஊசி என்றால் ஒரே ஊசிதான் என்று நினைத்திருந்தார். தெருவில் குட்டிகள் சாவது புதிது இல்லை. மழையில் நனைந்து செத்தது, பட்டினி கிடந்து செத்தது, கல்லெறி பட்டுச் செத்தது என்று ஏதாவது சொல்லிப் புதைத்திருக்கிறார்கள். அவரே எத்தனையோ புதைத்திருக்கிறார். அவற்றில் எத்தனை இந்த நோயில் போனதோ.

குட்டிகளின் காலில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். கம்பியில் தொங்கவிட இடம் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு பாட்டிலையும் சங்கரபாண்டி இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கை மரத்துப்போனபோதும் மாற்றிப் பிடிக்க ஆள் இல்லை. ஷெர்லின் மில்கியின் தலையைத் தடவிக்கொண்டே ஜெபம் சொன்னாள். செவலையின் குட்டிகள் இரண்டும் அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக உயிரை விட்டன.

மில்கி மட்டும் தாங்கியது. மறுநாள் காலையில் வாலைக்கூட ஆட்டியது. தினமும் இரண்டு வேளை சலைனுக்காகக் கொண்டுபோனார்கள். ஜெனி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து ஆட்டோவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். குட்டி கண்ணைத் திறந்தால் அவள் சிரித்தாள். "மாமா, பொழச்சுக்கிடும்லா?" என்று கேட்டாள். "பொழச்சுக்கிடும் மக்கா" என்று அவர் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது என்று பிறகு தோன்றியது.

ஒருநாள் கிளினிக்கிலிருந்து திரும்பி வரும் வழியில் சிற்றாற்றுப் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. குற்றாலத்துக்குப் போகிற கார்கள், வேன்கள். சங்கரபாண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது பின்சீட்டில் ஷெர்லின், "அண்ணாச்சி, ஹாரன் அடிக்காதிய" என்றாள். குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். ஜெனி ஒன்றும் புரியாமல் குட்டியின் பாதத்தைப் பிடித்து விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கொய்யா மரத்தடியில் அவர்தான் குழி தோண்டினார்.

அடுத்த சில நாட்களில் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. சங்கரபாண்டி டீக்கடைக்குப் போகும்போது பேச்சு நின்றுபோகும். ஒருநாள் அய்யாத்துரையே டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"பாண்டி, ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சுக்கிடாத. ஊசி போட்ட குட்டி நாலும் செத்துட்டு. ஊசி போடாத குட்டி ஒண்ணு மேலத்தெருவுல நல்லா ஓடியாடித் திரியுது. இது எப்படி?"

"அண்ணாச்சி, அது வேற நோய், இது வேற ஊசி. அந்த நோய்க்கான ஊசி நம்ம குட்டிகளுக்குப் போடவே இல்ல."

"அப்பம் எதுக்குப் போட்ட ஊசியோ, அது ஒத்துக்கிடல."

"அப்படி இல்ல..."

"நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. அதுல ஒரு சொல்லு கிடையாது. ஆனா ஓசில போடுதாம்னா என்ன மருந்தோ, எப்பம் வாங்குனதோ. நமக்குத் தெரியுமா?"

சங்கரபாண்டி டாக்டரம்மாவிடம் கேட்டு அவர் குரலிலேயே பதிவு வாங்கி வந்தார். போனை டீக்கடைப் பெஞ்சில் வைத்துப் போட்டுக் காட்டினார். வெறிநோய் ஊசியால் ரத்தக் கழிச்சல் வராது, பார்வோ ஒரு கிருமி, இது வேறு அது வேறு என்று டாக்டரம்மா நிதானமாகச் சொல்லியிருந்தார். எல்லாரும் கேட்டார்கள். கேட்டு முடித்துவிட்டு, "அவுக அவுக மருந்த விட்டுக்குடுப்பாகளா?" என்றார் ஒருத்தர். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

அவருக்குள்ளேயே ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் கேட்கமுடியாமல் ஒருநாள் தனியாகக் கிளினிக்குக்குப் போனார்.

"டாக்டரம்மா, நீங்க மனசத் தொறந்து ஒண்ணு சொல்லணும். முகாம்ல அத்தன நாய் நின்னுச்சு. அங்கன வச்சு நம்ம குட்டிகளுக்கு ஒட்டியிருக்குமா?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "ஒட்டியிருக்கலாம்ணே. உங்க தெருவுலயே முன்னாடியே இருந்திருக்கலாம். செருப்புல, வண்டிச் சக்கரத்துல, எதுல வேணா வரும். மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும். எங்கேருந்து வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப நாந்தான் கொண்டாந்தேனா இல்லையான்னு தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

அவர் வீட்டுக்கு வந்து இதை மாரிச்செல்வியிடம் சொன்னார். அவள் மடியிலிருந்த பீடித்தட்டைக் கீழே வைத்தாள். "இத வெளிய எங்கயும் சொல்லிராதிய" என்றாள்.

ஆனால் ஷெர்லின் நேராகவே கேட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தவள், அவர் வண்டி துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உள்ளதச் சொல்லுங்க. நான் மில்கிய அங்க அனுப்பாம இருந்திருந்தா இது வந்திருக்குமா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாரிச்செல்வி வாசலில் நின்று அதைத்தான் கண்ணால் சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கரபாண்டி துணியைப் பிழிந்தார், உதறினார், மறுபடி பிழிந்தார்.

"தெரியலம்மா" என்றார்.

ஷெர்லின் தலையை ஆட்டினாள். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் சர்ச்சுக்குப் போக மெயின் ரோட்டில் வேறு ஆட்டோ பிடித்தாள்.

மண்ணில் கிருமி கிடக்கும் என்று டாக்டரம்மா சொன்னதால் அவர் பிளீச்சிங் பவுடர் வாங்கிக் கரைத்துத் தெரு முழுக்க ஊற்றினார். டீக்கடைப் பின்புறம், சாக்கடை ஓரம், ஹைருன் பீவியின் வாசல். ஷெர்லின் வீட்டு கேட்டுக்கு முன்னால் வாளியோடு நின்று கூப்பிட்டுப் பார்த்தார். உள்ளே டிவி சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை. அந்த முற்றம் மட்டும் விட்டுப்போயிற்று. அவர் பவுடர் போட்டதும் தெருவுக்குப் பேச்சாயிற்று. "ஒண்ணும் இல்லன்னா எதுக்கு இப்படிக் கழுவுதாரு?" என்று கேட்டார்களாம்.

அந்த வருஷத்து மிச்சம் அப்படியே போயிற்று. அவர் சவாரி ஓட்டினார். சட்டைப் பையில் பொறை வைத்திருந்தார். நாய்கள் அவரிடம் வந்தன. மனிதர்கள்தான் அவரைக் கண்டால் நாயைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அடுத்த சீசனில் சாரல் தொடங்கி முகாம் அறிவிப்பு வந்தது. அன்று காலையில் அவர் எழுந்து வெளியே வந்தபோது தெருவில் ஒரு நாய்கூட இல்லை. காம்பவுண்டுகளுக்குள்ளும் மாடிப்படிக்கு அடியிலும் கட்டிப்போட்டிருந்தார்கள். செவலை ஒன்றுதான் சாக்கடைப் பாலத்தின் மேல் படுத்திருந்தது. அவர் கயிற்றை எடுத்ததும் டீக்கடையிலிருந்து அய்யாத்துரை இறங்கி வந்தார்.

"பாண்டி, செவல இப்பம் சினையா இருக்கு. வேண்டாம்."

"சினையா இருந்தாலும் டாக்டரம்மாட்ட கேட்டுட்டு..."

"வேண்டாம்னு சொல்லுதேன்லா."

அய்யாத்துரை அதற்கு முன் அவரிடம் குரல் உயர்த்தியதே கிடையாது. சங்கரபாண்டி கயிற்றைச் சுருட்டி வண்டிக்குள் போட்டார்.

ஹைருன் பீவி மட்டும் கூடையோடு வந்தார். உள்ளே பழைய பூனையும் அதன் இரண்டு குட்டிகளும். "தம்பி, எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வெளங்காது. நீங்க ஏதோ சொல்லுதிய, செய்யுதிய. கொண்டுபோங்க" என்றார். அவர் அந்தக் கூடையோடு போனார். இந்தமுறை முகாம் கூட்டத்துக்குள் பூனைக்குட்டிகளைக் கொண்டுபோகவில்லை. பெரியதுக்கு மட்டும் ஊசி போட்டுக்கொண்டார். முகாம் முடிந்தபிறகு கிளினிக்குக்குப் போய்க் குட்டிகளுக்கு அந்த வயதில் போடவேண்டிய ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொண்டு, திரும்ப எப்போது வரவேண்டும் என்று கேட்டுவைத்துக்கொண்டார்.

"நாய்ங்க எங்கண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் நடந்ததைச் சொன்னார். டாக்டரம்மா கேட்டுவிட்டு, "நானே வர்றேன். நேர்ல சொல்றேன்" என்றார். சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். மருந்துகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, முகாமில் அவருக்கு உதவி செய்கிற பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். தெரு அவருக்கு நல்ல மரியாதை செய்தது. அய்யாத்துரை புது டம்ளரில் டீ கொடுத்தார், காசு வாங்க மறுத்தார். டாக்டரம்மா பார்வோவைப் பற்றிச் சொன்னார், வெறிநோயைப் பற்றிச் சொன்னார், குட்டிகளுக்கு எந்த வயதில் எது போடவேண்டும் என்று சொன்னார். எல்லாரும் "சரிம்மா, சரிம்மா" என்றார்கள். "இப்பவே போட்டுரலாமா?" என்று அவர் கேட்டபோது, ஒருத்தர் வீட்டில் நாய் வெளியே போயிருந்தது, ஒருத்தர் வீட்டில் நாய்க்கு உடம்பு சரியில்லை, ஒருத்தர் பெரிய மகன் வந்தபிறகு கேட்டுச் சொல்கிறேன் என்றார். டாக்டரம்மா பெட்டியைத் திறக்காமலே காரில் ஏறினார். "வருத்தப்படாதீங்கண்ணே, நாளாகும்" என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

அந்த வருஷம் கிங்ஸ்லி லீவில் வந்தான். செங்கோட்டையில் கூட்டாளி ஒருத்தன் மூலமாக, கொல்லத்திலிருந்து வந்த நல்ல ஜாதிக் குட்டி ஒன்றை வாங்கி வந்தான். தேன் நிறம், தொங்கும் காது. ஜெனி அதற்கு டாபி என்று பெயர் வைத்தாள்.

சங்கரபாண்டி அதை முதலில் பார்த்தது கேட் கம்பிக்கு வெளியே நின்றுதான். குட்டி கொய்யா மரத்தடி மண்ணைக் காலால் பறித்து அதில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. அந்த மண்தான். மில்கி கழிந்து கிடந்த மண். இத்தனை மாதமாகியும் அதில் என்ன இருக்கிறதோ.

கேட்டைத் தட்டினார். ஷெர்லின் வந்தாள்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிடக் கூடாது. இந்தக் குட்டிய அந்த மண்ணுல விடாத. மொதல்ல பார்வோ ஊசி போடணும். முகாம் இல்ல, கிளினிக்குக்கே போவோம். நீயே ஒன் கையில வச்சுக் கொண்டுவா. வேற ஒரு நாயும் பக்கத்துல வராது. நான் வெளிய நிக்கேன், உள்ளகூட வரல."

ஷெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணாச்சி, இதையாவது விட்டுருங்க" என்றாள்.

"எம்மா, நான் சொல்லுதது..."

"பிள்ள இன்னொரு தடவ தாங்க மாட்டா. நானும் தாங்க மாட்டேன். ஒரு ஊசியும் வேண்டாம். வீட்டுக்குள்ள வச்சு நல்லாப் பாத்துக்கிடுதோம்."

உள்ளேயிருந்து கிங்ஸ்லி, "யாரு?" என்று கேட்டான். "ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அவள் கேட்டைச் சாத்தினாள். கோபமாகச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அதிலிருந்து அவர் தினமும் அந்த கேட்டைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக ஓட்டுவார். குட்டி தெரிகிறதா, ஓடுகிறதா, படுத்துக்கிடக்கிறதா என்று பார்ப்பார். ஒருநாள் தெரியவில்லை என்றால் அன்று முழுக்கச் சவாரியில் மனசு நிற்காது. ஒருதரம் ஐந்தருவிக்கு என்று ஏறிய குடும்பத்தைப் பழைய குற்றாலத்துப் பக்கம் திருப்பிவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், "டாபி குரைச்சிச்சா, கேட்டியா?" என்று மாரிச்செல்வியிடம் விசாரிப்பார்.

"நீங்க எதுக்கு இப்படி உருகுதிய? அவுக நாய், அவுக பாடு" என்பாள் அவள். சற்று நேரம் கழித்து, "சாயங்காலம் குரைச்சுது" என்று சொல்வாள்.

ஒருமுறை குட்டி வாந்தி எடுத்ததைப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டு கேட் பக்கம் போய் நின்றார். கூப்பிடலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டே இருந்தார். குட்டி தான் எடுத்ததைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு ஓடிப்போயிற்று. புல்லைத் தின்றிருக்கும் போல. அவர் திரும்பி வந்து வண்டியை எடுத்தார்.

டாபிக்கு ஒன்றும் ஆகவில்லை. மழை விட்டு, சீசன் கூட்டம் கலைந்து, குற்றாலத்துக் கடைகள் பாதி மூடிக்கிடந்த மாதத்தில் அது நல்ல உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதே முற்றத்தில் புரண்டது, அதே மண்ணைப் பறித்தது, ஒரு ஊசியும் இல்லாமல் கொழுகொழுவென்று ஆனது. டாக்டரம்மாவிடம் கேட்டபோது, "சிலது தப்பிச்சிரும்ணே. எல்லாத்துக்கும் வரணும்னு இல்ல" என்றார். பிறகு, "நல்லதுதானே" என்றார்.

நல்லதுதான். சங்கரபாண்டி அதை நினைத்து மனசார சந்தோஷப்பட்டார். அந்தக் குட்டி செத்திருந்தால் தெரு தன்னை நம்பியிருக்குமோ என்ற நினைப்பு ஒருநாள் அவருக்கு வந்தது. வந்ததும் அருவருப்பாக இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

டீக்கடையில் இப்போது டாபிதான் சாட்சி. செவலை மறுபடி ஈன்றிருந்த குட்டிகளை யாராவது கேட்டு வந்தால் அய்யாத்துரை சொல்லுவார், "கொண்டுபோங்க, ஆனா ஊசி கீசின்னு போயிராதிய. டீச்சர் வீட்டு நாயப் பாருங்க. ஒண்ணுமே போடல. எப்படி நிக்குது பாத்தியளா!" சங்கரபாண்டி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். குட்டியை வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் அதைத் தோளில் சாய்த்து, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சிக்கொண்டே போவார்கள். அவர் ஒருசமயம் எழுந்து பின்னாலேயே போய் அந்த வீட்டாரிடம் சொல்லிப் பார்த்தார். "கடைக்காரர் சொன்னாரு, நீங்கதான் அந்த ஆட்டோக்காரரா?" என்று கேட்டார்கள்.

ஒரு காலை ஷெர்லின் வீட்டு கேட் திறந்து கிடந்தது. டாபி பாய்ந்து வந்து அவருடைய ஆட்டோவில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டது. அவர் சட்டைப் பையை முகர்ந்தது. அவர் பொறை எடுத்துக் கொடுத்தார். கருக்முருக் என்று தின்றது. தலையைத் தடவினார். மயிர் மெத்தென்று இருந்தது.

ஷெர்லின் சங்கிலியோடு வெளியே வந்தாள். வெகுநாளைக்கப்புறம் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியளா அண்ணாச்சி? நீங்க எவ்ளோ பயந்திய. ஒரு ஊசியும் போடல. நல்லாத்தான இருக்கு?"

அவள் முகத்தில் பழைய மனத்தாங்கல் எதுவும் இல்லை. மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது. வெறிநோய் ஊசியாவது போடு தங்கச்சி என்று அவர் வாய்வரை வந்தது. இப்போது சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும், கேட் மறுபடி சாத்தப்படும். சொல்லாவிட்டால் ஜெனி இந்த நாயின் வாய்க்குள் கையை விட்டு விளையாடுவாள்.

"அந்த வெறிநாய் ஊசி மட்டும்மா..." என்று தொடங்கினார்.

"அண்ணாச்சி" என்றாள் ஷெர்லின். சிரிப்பு மாறவில்லை, ஆனால் கை நீண்டு வந்து டாபியின் கழுத்தில் சங்கிலியை மாட்டியது. "ஸ்கூலுக்கு நேரமாச்சு. வாறேன் என்ன?"

டாபி இறங்க மனசில்லாமல் இழுபட்டுக்கொண்டே போயிற்று. அவர் துண்டை எடுத்துச் சீட்டைத் தட்டினார். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போகவேண்டும் என்று தெரு முனையில் இரண்டு பேர் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வண்டியைப் பின்னால் எடுத்து அவர்களை நோக்கிப் போனார்.